பெரிய டிரான்ஸ்பார்மர் போட்டால் சத்தம் கூடுமா?



இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. சபையில் இருக்கிற ஆம்பிளிபையர், மிக்ஸர், கீபோர்டு ஆகியவைகளுக்குக் கரண்ட் கொடுக்கிற பகுதியை "இன்னும் நல்லாக்கலாம்" என்று போய், சாதனத்தையே இழந்துவிடுகிற காரியத்தைப் பற்றிப் படிக்கப் போகிறோம். "என்ன பாஸ்டர், இது மெக்கானிக் படிக்க வேண்டிய பாடமாச்சே?" என்று சிலர் கேட்பீர்கள். மெக்கானிக்குக் கணக்கு தெரியும். தெரியாமல் கை வைக்கிறது நம்ம வாலிபத் தம்பிகள்தான். தெரியாமல் "மாத்திடு தம்பி" என்று சொல்லுகிறது நாம்தான். ஆகையால் இது நமக்குரிய பாடம். சகோதரிகளும் தள்ளிவிடாதீங்க. பிள்ளையின் கீபோர்டுக்கு அடாப்டர் வாங்கக் கடைக்குப் போகிறது பெரும்பாலும் நீங்கள்தானே!

ஒலிச்சாதனம் இரண்டு விதமாய்க் கெட்டுப்போகும். பழசாகிக் கெடுவது ஒரு விதம். அது மெதுவாக நடக்கும், முன்னாடியே அடையாளம் காட்டும். திருத்தப்போய்க் கெடுவது இன்னொரு விதம். அது ஒரே நொடியில் முடிந்துவிடும். இந்த இரண்டாவது விதத்தை முழுவதும் தவிர்க்க முடியும். எப்படி என்பதே பாடம்.

1. இது யாருடைய பணம்?

நம்ம ஆரணி பட்டு நெய்கிற ஊர். ஒரு சேலை தறியிலிருந்து இறங்கப் பல நாள் ஆகும். தறிக்குழியில் காலை வைத்து, கண் நோக இழையைப் பார்த்து, இறக்கிக் கொடுத்த பிறகுதான் கூலி. அந்தக் கூலியிலிருந்து பிரித்து வைத்த காணிக்கையில் வாங்கப்பட்டதுதான் சபையின் ஆம்பிளிபையர். அதில் ஒரு பாகம் கருகினால், அது யாரோ ஒரு தாயார் ஒரு வாரம் நெய்த உழைப்பு.

இதைச் சொல்லுவது பயமுறுத்த அல்ல. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் போதித்தார். கோபுரத்துக்கு மட்டுமா கணக்கு? ஒரு டிரான்ஸ்பார்மர் மாற்றுவதற்கும் கணக்கு இருக்கிறது. அது சின்னக் கணக்குத்தான். பள்ளிக்கூடப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

2. வோல்ட் வேறு, ஆம்பியர் வேறு

எல்லாத் தவறும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில் தொடங்குகிறது. தறியை வைத்தே பார்ப்போம்.

வோல்ட் என்பது பாவு நூலின் இறுக்கத்தைப் போன்றது. இறுக்கம் குறைந்தால் நெசவு தளர்ந்து போகும். அளவுக்கு மேல் இறுக்கினால் இழை பட்டென்று அறுந்துவிடும். எந்த நூலுக்கு எவ்வளவு இறுக்கம் என்று நெய்கிறவருக்குத் தெரியும். இறுக்கத்தைக் கூட்டினால் சேலை சீக்கிரம் இறங்கும் என்று யாராவது நினைப்போமா?

ஆம்பியர் என்பது முதலாளி வீட்டுப் பட்டு இருப்பைப் போன்றது. இருப்பு எவ்வளவு அதிகமாக இருந்தாலும் தறிக்கு ஆபத்து இல்லை. தறி தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் இருப்பு போதாவிட்டால் தறி நின்றுபோகும்.

ஆகவே ஒரே விதியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வோல்ட் சரியாக ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. 12 வோல்ட் 1 ஆம்பியர் கேட்கிற சாதனத்துக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் கொடுக்கலாம், ஒன்றும் ஆகாது. 12 வோல்ட் கேட்கிறதுக்கு 18 வோல்ட் கொடுத்தால் ஆபத்து. "இரண்டுமே பெரிசுதானே பிரதர்" என்று சொல்லக்கூடாது. ஒரு பெரிசு உதவி செய்யும், இன்னொரு பெரிசு கொன்றுவிடும்.

3. டிரான்ஸ்பார்மர் கணக்கு

சென்னை ரிச்சி தெருவிலோ வேலூர் கடைகளிலோ பாகம் வாங்கி, ஊர் மெக்கானிக் கூட்டிக் கொடுத்த அசெம்பிள்டு ஆம்பிளிபையர் பல சபைகளிலும் வீடுகளிலும் இருக்கிறது. சின்ன வகைகளில் டி.டி.ஏ. 2030 என்கிற ஐந்து கால் ஐ.சி. வெகுகாலமாய்ப் போடப்பட்டு வருகிறது. இதற்குப் பொதுவாக 12-0-12 டிரான்ஸ்பார்மர் போடுவார்கள்.

ஒரு தம்பி நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "12-0-12 போட்டதுக்கே இவ்வளவு சத்தம். 18-0-18 போட்டா எவ்வளவு வரும்!" நல்ல மனசுதான். ஆனால் என்ன நடக்கும்? கவனியுங்கள்.

டிரான்ஸ்பார்மர் மேல் எழுதியிருக்கிற 12 என்பது ஏ.சி. வோல்ட். டயோடு வழியாகப் போய் கெப்பாசிட்டரில் நிரம்பும்போது அது 12-ஆக நிற்காது. 1.414-ஆல் பெருக்க வேண்டும். 12 பெருக்கல் 1.414 என்றால் ஏறக்குறைய 17. டயோடில் முக்கால், ஒரு வோல்ட் கழிந்து 16 சொச்சம் கிடைக்கும். கூட்டல் பக்கம் 16, கழித்தல் பக்கம் 16.

டி.டி.ஏ. 2030 ஐ.சி. தாங்குகிற உச்ச எல்லை பக்கத்துக்கு 18 வோல்ட். அதாவது 12-0-12 போட்டபோதே எல்லைக்கு மிக அருகில்தான் நிற்கிறோம். இப்போது 15-0-15 போட்டுப் பாருங்கள்: 21 வரும், டயோடு கழிந்தால் 20. எல்லை தாண்டிவிட்டது. 18-0-18 போட்டால் 25 வரை ஏறும். அங்கே ஐ.சி. மட்டுமல்ல, "25 வோல்ட்" என்று எழுதிய கெப்பாசிட்டரும் தன் எல்லையில் நிற்கும். கொஞ்சம் வோல்டேஜ் ஏறினால் அது உப்பி வெடிக்கும்.

இதே ஐ.சி.யில் முடிவில் "ஏ" எழுத்து சேர்ந்த டி.டி.ஏ. 2030ஏ என்று ஒரு வகை உண்டு. அதன் எல்லை 22 வோல்ட். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்! அந்த எழுத்தைப் படிக்காமல் "அவங்க சபையில 15-0-15 தான் ஓடுது" என்று பார்த்துப் போடுகிறவர் நஷ்டப்படுவார்.

"பாஸ்டர், எல்லை தாண்டியும் எங்க செட்டு ஓடுதே?" என்று ஒருவர் கேட்கலாம். இன்றைக்கு ஓடும். வீட்டுக்கு வருகிற கரண்ட் எப்போதும் 230-ஆக நிற்காது. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்கும் மோட்டாரும் ஓடும்போது இறங்கும். நடுராத்திரி லோடு குறைந்ததும் ஏறும், 250-ஐத் தொடுகிற இடங்களும் உண்டு. 230-க்கு 20 வோல்ட் தருகிற டிரான்ஸ்பார்மர் 250-க்கு ஏறக்குறைய 22 தரும். போதாததற்கு, சத்தம் இல்லாமல் சும்மா இருக்கிற நேரத்தில் டிரான்ஸ்பார்மர் எழுதியதைவிடக் கூடுதலாகவே கொடுக்கும். அதனால்தான் சாயங்காலப் பாட்டு வேளையில் நன்றாக ஓடிய செட்டு, முழு இரவு ஜெபத்தில் எல்லாரும் மெளனமாய் முழங்காலில் நிற்கும்போது திடீரென்று புகையும்.

இந்த ஐ.சி.க்குள் சூடு அதிகமானால் தானாய் நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு உண்டு. ஆனால் வோல்ட் அதிகமானால் அந்தப் பாதுகாப்பு காப்பாற்றாது. ஐ.சி. உள்ளே ஷார்ட் ஆனால், முழு டி.சி. வோல்ட்டும் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். பாதுகாப்பு ரிலே இல்லாத செட்டில் ஸ்பீக்கரின் காயிலும் கருகும். ஒரு சின்ன ஐ.சி.யில் தொடங்கியது ஸ்பீக்கர் பாக்ஸ் வரைக்கும் போய் நிற்கும்.

4. கிடைக்கிற லாபம் எவ்வளவு?

இவ்வளவு ஆபத்தை மேற்கொண்டு என்ன கிடைக்கிறது? இதையும் கணக்குப் பார்ப்போம்.

16 வோல்ட்டை 20 ஆக்கினால், ஐ.சி. தாங்கிக்கொண்டாலும்கூட, வாட் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடும். கேட்க நன்றாயிருக்கிறது அல்லவா? ஆனால் நம் காதை ஆண்டவர் வேறு விதமாய்ப் படைத்திருக்கிறார். ஒன்றரை மடங்கு வாட் என்பது 2 டெசிபல். வால்யூம் குமிழை ஒரு கோடு திருப்பின மாதிரிதான் இருக்கும். வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

இப்போது இன்னொரு வழியைப் பாருங்கள். ஸ்பீக்கருக்கும் கடைசி வரிசைக்கும் 12 மீட்டர் தூரம் இருக்கிறது. ஸ்பீக்கரை முன்னே கொண்டுவந்து 6 மீட்டர் ஆக்கினால், திறந்த வெளியில் 6 டெசிபல் கூடும். சுவர் உள்ள ஹாலில் கொஞ்சம் குறையும். 6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம்! இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, இரண்டு பேர் தூக்கி வைத்தால் போதும். பாக்ஸைத் தலைக்கு மேலே உயர்த்தி, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால், முன் வரிசை ஜனங்களே சத்தத்தை மறைத்துக்கொள்வதும் நிற்கும்.

மைக்கும் அப்படியே. வாய்க்கும் மைக்குக்கும் இருக்கிற தூரத்தை 20 சென்டிமீட்டரிலிருந்து 10 ஆக்கினாலே பேச்சு தெளிவாய்க் கேட்கும், "கீச்" என்ற சத்தமும் குறையும். சாட்சி சொல்ல வருகிறவர்கள் மைக்கை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு பேசினால், எத்தனை வாட் போட்டாலும் பின்னால் கேட்காது. அன்பாய்ச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொரு காரியம். முன்பு நன்றாயிருந்த செட்டு இப்போது சத்தம் குறைந்து "ம்ம்ம்" என்று இரைகிறதா? அதற்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் மருந்து அல்ல. பல நேரம் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் உலர்ந்துபோயிருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான விதி. நம்ம ஊர் வெயிலில் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் வைத்தால் அது சீக்கிரம் சாகும். மெக்கானிக்கிடம் கொடுத்து அதே மைக்ரோபாரட் அளவிலும், அதே வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்டதிலும், 105 டிகிரி என்று எழுதியதைப் போடச் சொல்லுங்கள். கூட்டல் கழித்தல் முனை மாறினால் கெப்பாசிட்டர் வெடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

5. அடாப்டரில் ஒளிந்திருக்கும் ஆபத்து

அந்த நாட்களில் "எலிமினேட்டர்" என்று சொல்லுவோமே, அதுதான் இப்போது அடாப்டர். முனை உள்ளே போகிறது என்பதற்காக ஒத்துப்போகும் என்று அர்த்தமில்லை. மூன்று காரியம் பார்க்க வேண்டும்.

முதலாவது, வோல்ட். பழைய கேஸியோ கீபோர்டுகள் பலவும் 9 வோல்ட் கேட்கும். யமஹா கீபோர்டுகள் பலவும் 12 வோல்ட் கேட்கும்.

இரண்டாவது, முனை. ஏ.டி.-5 அடாப்டர் போடுகிற பழைய கேஸியோவில் நடுமுனை கழித்தல், வெளிச்சுற்று கூட்டல். யமஹாவில் நடுமுனை கூட்டல். ஒன்றுக்கு ஒன்று நேர் எதிர்! பிற்காலத்தில் வந்த கேஸியோவின் 9.5 வோல்ட் அடாப்டரில் நடுமுனை கூட்டல். ஆகவே "நம்மதும் கேஸியோ, அவங்களதும் கேஸியோ" என்று வாங்கிப் போட்டாலும் தப்பாகலாம். கீபோர்டின் பின்புறத்திலும் அடாப்டரின் மேலும் ஒரு வட்டமும் புள்ளியும், பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியும் அச்சடித்திருக்கும். இரண்டு படமும் ஒன்றாக இருந்தால்தான் சொருக வேண்டும்.

மூன்றாவது, ஏ.சி.யா டி.சி.யா? சில சிறிய மிக்ஸர்களின் அடாப்டர் டி.சி. தராது, ஏ.சி.தான் தரும். அதற்கு டி.சி. கொடுத்தால் பாதி வேலை செய்யும் அல்லது வேலையே செய்யாது. டி.சி. கேட்கிற சாதனத்துக்கு ஏ.சி. கொடுத்தால் அதோடு அதன் காலம் முடிந்துவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிற அன்பளிப்பிலும் ஜாக்கிரதை. அமெரிக்காவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அங்கே வாங்கின மிக்ஸரை இங்கே 230-இல் சொருகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. "100-240" என்று எழுதியிருந்தால் பயமில்லை. "120" என்று மட்டும் எழுதியிருந்தால் இறக்கிக் கொடுக்கிற டிரான்ஸ்பார்மர் தனியாக வேண்டும். பின்னால் 115/230 என்று சின்ன சுவிட்ச் இருந்தால், கரண்ட் கொடுக்கிறதுக்கு முன்னேயே 230-க்குத் தள்ளிவிட வேண்டும்.

6. பாட்டரி, இன்வெர்ட்டர், ஜெனரேட்டர்

2012-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னைக்கு வெளியே இருக்கிற ஊர்களில் பகலில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களும் உண்டு. அப்போதுதான் அநேகர் இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் வாங்கினார்கள்.

டெல்லியின் அஹுஜா ரேடியோஸ் கம்பெனி 1940 முதல் ஒலிபெருக்கிச் சாதனங்கள் செய்துவருகிறது. அதன் பல ஆம்பிளிபையர்கள் கரண்டிலும் ஓடும், பாட்டரியிலும் ஓடும். தெருமுனைக் கூட்டத்துக்கு மிகவும் உதவியானது. ஆனால் எந்தக் கம்பெனி செட்டானாலும், பின்னால் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிற முனைக்கு இரண்டு பாட்டரியை வரிசையாய்ச் சேர்த்து 24 கொடுக்கக்கூடாது. சிவப்பு ஒயர் கறுப்பு ஒயர் மாறக்கூடாது. முக்கியமாக, பாட்டரி இல்லாத நேரத்தில் பாட்டரி சார்ஜரையே நேராக செட்டில் இணைக்கக்கூடாது. பழைய மாதிரி சார்ஜரில் "12 வோல்ட்" என்று எழுதியிருந்தாலும், பாட்டரி இல்லாமல் அதன் உச்சம் 12-ஐ நன்றாகத் தாண்டிப்போகும். பாட்டரி நடுவில் இருந்தால்தான் அது அமர்ந்திருக்கும்.

ஜெனரேட்டரைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் வோல்டேஜ் ஏறி இறங்கும். ஆகவே ஜெனரேட்டர் சீராக ஓடின பிறகு செட்டை ஆன் செய்யுங்கள். நிறுத்துவதற்கு முன் செட்டை ஆப் செய்யுங்கள்.

கன்வென்ஷன் பந்தலில் த்ரீ பேஸ் லைன் எடுத்தால் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நியூட்ரல் ஒயர் லூஸாகிக் கழன்றால், 230 வர வேண்டிய பிளக்கில் 300, 350, சில நேரம் 400 வரை ஏறும். ஒரு நிமிஷத்தில் எல்லா சாதனமும் போய்விடும். பந்தல் லைனை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் இழுக்கட்டும். நியூட்ரல் முனையை அவர் முறுக்கிச் சோதித்து, மீட்டர் வைத்து ஒவ்வொரு பிளக்கையும் பார்த்த பிறகே மிக்ஸரைச் சொருகுங்கள்.

7. பியூஸும் எர்த்தும் நம் உயிரும்

பெரிய சப்ளை போட்டதும் பியூஸ் போகிறது. உடனே செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கிற பழக்கம் நம்மிடத்தில் இருக்கிறது. பியூஸ் போவது தொந்தரவு அல்ல, எச்சரிப்பு. முன்பு பட்டு இருப்பு அதிகமானால் ஆபத்து இல்லை என்று பார்த்தோம் அல்லவா? எல்லாம் சரியாக இருக்கும் வரைதான் அந்தச் சட்டம். உள்ளே ஷார்ட் ஆனால், பெரிய சப்ளை தன் பெரிய ஆம்பியர் முழுவதையும் அங்கே கொட்டும். அதைத் தடுக்கிற ஒரே வாசற்காவலன் பியூஸ்தான். சாதனத்தில் எழுதியிருக்கிற ஆம்பியர் பியூஸை மட்டும் போடுங்கள்.

இன்னொரு பழக்கம், இரைச்சல் நிற்கிறது என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவது. சாதனத்துக்கு மட்டுமல்ல, மைக்கைப் பிடிக்கிறவருக்கே இது ஆபத்து. உள்ளே ஒயர் உரசினால் பெட்டியில் கரண்ட் ஏறும், அங்கிருந்து ஒயர் வழியே மைக்கின் இரும்புக்கு வரும். வியர்த்த கையும் வெறுங்காலும் சிமெண்ட் தரையும் சேர்ந்தால் என்ன ஆகும்?

2005 அக்டோபர் 30 ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ நகரத்து யூனிவர்சிட்டி பாப்டிஸ்ட் சர்ச்சில், போதகர் கைல் லேக் ஞானஸ்நானத் தொட்டியின் தண்ணீரில் நின்றபடி மைக்கைச் சரிசெய்யக் கை நீட்டினார். மின்சாரம் பாய்ந்து சபையார் கண்முன்னே மரித்தார். வயது 33. பிரியமானவர்களே, ஈரத்தில் நிற்கிறவர் கையில் ஒயர் மைக் கொடுக்கவே வேண்டாம். சபையின் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். ஆம்பிளிபையரைப் பெரிசாக்க எடுத்து வைத்த பணம் இருந்தால், முதலில் எர்த்துக்கும் இதற்கும் செலவழியுங்கள்.

8. சரியான வழி என்ன?

சப்ளையை மாற்றத்தான் வேண்டும் என்ற நிலை சில சமயம் வரும். அப்போது இந்த ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள்.

அ) முதலில் குறை எது என்று கண்டுபிடியுங்கள். சத்தம் போதவில்லையா, இரைச்சலா, நடுவில் கட்டாகிறதா? ஸ்பீக்கரின் இடத்தையும் மைக் பிடிக்கிற விதத்தையும் முதலில் திருத்துங்கள்.

ஆ) ஐ.சி. அல்லது டிரான்சிஸ்டரின் நம்பரை எழுத்துவிடாமல் எழுதி, அதன் உச்ச வோல்ட்டைக் கேளுங்கள். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை 1.414-ஆல் பெருக்குங்கள். வருகிற தொகை எல்லைக்குப் பல வோல்ட் கீழே இருக்க வேண்டும்.

இ) ஆம்பியரைக் கூட்டினால் அதோடு டயோடும் மாற வேண்டும். 1 என் 4007 டயோடு 1 ஆம்பியர்தான் தாங்கும். 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் போட்டு அதே டயோடை விட்டுவைத்தால் அது எரியும்.

ஈ) முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது மெக்கானிக்கை சீரியல் பல்பு வைக்கச் சொல்லுங்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை வரிசையாய் இணைத்தால், டிரான்ஸ்பார்மர் செட்டில் தப்பு இல்லாதபோது பல்பு ஒரு கணம் எரிந்து மங்கிவிடும். பிரகாசமாய் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பல்பு எரியும், செட்டு தப்பும்.

உ) பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். மூடியைத் திறந்து கை வைக்காதீங்க.

ஊ) ஞாயிறு ஆராதனைக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி எதையும் மாற்றாதீங்க. திங்கட்கிழமை மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

9. கெட்டுப்போய்விட்டால்?

இவ்வளவும் படித்த பிறகும் ஒரு நாள் ஏதாவது கருகலாம். அப்போது நாம் எப்படி நடந்துகொள்ளுகிறோம்?

2 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன் மரம் வெட்டும்போது கோடாரி தண்ணீரில் விழுந்தது. அது இரவல் வாங்கினது. அவன் மறைக்கவில்லை. உடனே எலிசாவிடத்தில் கதறினான். எலிசா அவனைத் திட்டவில்லை. எங்கே விழுந்தது என்று கேட்டான். அவன் இடத்தைக் காண்பித்தான்.

இதிலே இரண்டு பேருக்கும் பாடம் இருக்கிறது. செட்டைப் பார்த்துக்கொள்ளுகிற தம்பிக்கு: புகை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கு. மறுபடி ஆன் செய்து பார்க்காதே. இரண்டாவது முறை ஆன் செய்யும்போதுதான் பல நேரம் ஸ்பீக்கரும் போகிறது. என்ன மாற்றினாய், எந்த வோல்ட் கொடுத்தாய் என்று உள்ளதை உள்ளபடி சொல்லு. மெக்கானிக்குக் கோடாரி விழுந்த இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மறைத்தால், புது ஐ.சி. போட்டதும் அதே 18-0-18 டிரான்ஸ்பார்மர் அதையும் எரிக்கும்.

பெரியவர்களுக்கு: "யார் செய்தது?" என்று முதலில் கேட்காதீங்க. "எங்கே விழுந்தது?" என்று கேளுங்கள். கூட்டத்தின் நடுவில் வெட்கப்படுத்தப்பட்ட பிள்ளை அடுத்த முறை உண்மையைச் சொல்லமாட்டான். சம்பளம் இல்லாமல், எல்லாருக்கும் முன்னே வந்து, எல்லாருக்கும் பின்னே போகிறவன் அவன். காணிக்கையில் வாங்கின ஆம்பிளிபையர் விலையுள்ளதுதான். அவன் அதிலும் விலையுள்ளவன் அல்லவா?

சிந்தித்துப் பதில் எழுதுங்கள்

1. 9 வோல்ட் 1 ஆம்பியர் கேட்கிற கீபோர்டுக்கு 9 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் போடலாமா? 12 வோல்ட் 1 ஆம்பியர் போடலாமா? காரணம் என்ன?

2. 15-0-15 டிரான்ஸ்பார்மரிலிருந்து பக்கத்துக்கு ஏறக்குறைய எத்தனை டி.சி. வோல்ட் வரும்?

3. நம் சபையில் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால், செலவில்லாமல் செய்யக்கூடிய இரண்டு காரியங்கள் எவை?

4. நம் சபைப் பிளக்குகளில் எர்த் வேலை செய்கிறதா? கடைசியாக எப்போது, யார் சோதித்தார்?

நான்காவது கேள்விக்குப் பதில் தெரியாத சபை, இந்த வாரமே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டும். கர்த்தர் உங்களையும், உங்கள் கையின் பிரயாசத்தையும், மைக்கைப் பிடிக்கிற ஒவ்வொரு கையையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.